முந்தி டீச்சரும் பிந்தி டீச்சரும்

கோவில்பட்டி ஊருணித் தெரு செண்பகவல்லி டீச்சர் துருக்கி நாட்டுக்குத் தனியாகப் போய், பன்னிரண்டாம் நாள் பகல் பதினொன்று ஐம்பதுக்கு, அவளே நோட்டில் எழுதி வைத்திருந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தாமலும் பிந்தாமலும் வீட்டு நடையேறினாள் என்பதும், அதே செண்பகவல்லி டீச்சர் அதற்கு நாற்பத்து மூன்று நாள் கழித்துத் தூத்துக்குடியில் தோணியிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, ரப்பர் செருப்போடு அதே வீட்டு நடையேறினாள் என்பதும் ஊரறிந்த விஷயம். இதில் நம்பாமல் போக ஒன்றுமில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள், சந்தேகம் உள்ளவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம், ஒருத்தி காபி கொடுப்பாள், இன்னொருத்தி அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவாள்.

டீச்சர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். நடத்தியது கணக்கு என்றாலும் அவள் பேர் சொன்னது அந்தக் கணக்கு இல்லை; ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் மொத்தப் பள்ளிக்கும் டைம்டேபிள் போடுவது அவள்தான். முப்பத்து நான்கு வகுப்பு, ஐம்பது சொச்சம் டீச்சர்மார், ஒரே ஒரு தையல் ரூம், ஒருத்திக்கு முதல் பீரியட் ஆகாது, இன்னொருத்திக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியட் ஆகாது, இவ்வளவையும் ஒரு சார்ட் தாளில் அடக்கி, எந்தக் கட்டமும் எந்தக் கட்டத்தோடும் முட்டாமல் பென்சிலால் கோடு இழுத்து அவள் நிமிரும்போது, தலைமை ஆசிரியை எழுந்து நின்று அதை வாங்கிக்கொள்வாள். ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா. சாம்பாருக்கு டைம்டேபிள் போட்டாள், மோட்டார் போடுவதற்குப் போட்டாள், கணவர் அழகுமுத்துவின் மாத்திரைக்கும் நடைக்கும் குட்டித் தூக்கத்துக்கும் போட்டாள். அழகுமுத்து மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், கம்பத்து உச்சியில் நிற்கும்போது மட்டும் வாய் திறப்பவர் என்று பேர் எடுத்தவர், அதனால் வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து சிங்கப்பூர் போனார்கள். ஆறு நாளில் நாற்பத்தோரு இடம் பார்த்தார்கள். அழகுமுத்து பார்த்ததெல்லாம் முன்னால் வேகமாகப் போகிற பெண்டாட்டியின் முதுகைத்தான். ஒரு பூங்காவில் ஒரு கிழவர் குளத்து ஆமைகளுக்குக் கீரை கிள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவரை, ஆமைக்கு நாலு நிமிஷம் போதும் என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.  மனுஷன் திரும்பி வந்து கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியைப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு, “இனிமே உன்கூட கடம்பூர் வரைக்குங்கூட வர மாட்டேன்” என்றார். கடம்பூர் அடுத்த ஸ்டேஷன். போளி வாங்குவதற்குக்கூட அதன்பிறகு அவர் அவளோடு போகவில்லை.

அந்த வார்த்தை டீச்சருக்கு ஆறவே இல்லை. கோவப்பட்டுச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோவப்பட்டு முடித்திருப்பாள். அவர் மீட்டர் ரீடிங் சொல்வதைப்போலச் சொல்லிவிட்டார். இந்த மனுஷன் இன்னொரு தடவை தன்னோடு ஒரு ஊருக்கு வந்துவிட்டால் போதும் என்பது மட்டும்தான் அவளுக்கு இருந்த ஆசை, அதை யாரிடமும் சொல்லாமல், வீம்புக்குத் துருக்கி போவதென்று முடிவு பண்ணினாள்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். நீல மையில் பார்க்கும் இடம், சிவப்பு மையில் சாப்பாடு, பச்சை மையில் பாத்ரூம், மழை பெய்தால் பார்க்க வேறு பக்கம். எல்லாம் எழுதி முடித்தபோது கடம்பூர் ஞாபகம் வந்து உறுத்தியது. நானா நேரம் நேரம் என்று பறக்கிறவள், எனக்கும் சும்மா சுற்றத் தெரியும் என்று அழகுமுத்துவுக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. அந்த வீம்பில்தான், இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுமே வரக்கூடிய அந்தத் தப்பு வந்தது. எட்டாம் நாள் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி, ‘3.10 முதல் 3.40 வரை, மனம் போன போக்கில் நடத்தல்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, ‘தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளவும். 3.40க்குத் திரும்பவும்’ என்றும் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள்.

எட்டாம் நாள் இஸ்தான்புல்லில் மூன்று பத்துக்கு அவள் மனம் போன போக்கில் நடக்க ஆரம்பித்தாள். மேடேறிப் போகிற ஒரு சந்தில், வாசலில் சோப்பு நுரை வழிய ஒரு பெண் பெரிய கம்பளத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தடித்த பெண், முழங்கை வரை ஈரம். பிழிய ஆள் இல்லை போலிருக்கிறது, தெருவோடு போன டீச்சரைப் பார்த்து, இந்தாம்மா அந்த முனையைப் பிடி என்பதாகத் தலையை ஆட்டினாள். டீச்சர் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள், சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் கொட்டியது, அந்தப் பெண் எதற்கோ சிரித்தாள், டீச்சரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள், அப்போது கைக்கடிகாரத்தில் மூன்று நாற்பது ஆனது. நோட்டில் மனம் போன போக்கில் போகவும் சொல்லியிருந்தது, திரும்பவும் சொல்லியிருந்தது, இரண்டையும் எழுதினது அவளேதான், எழுதினதை மீறிப் பழக்கமில்லை. ஆகவே செண்பகவல்லி கம்பள முனையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். செண்பகவல்லி கம்பள முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி நடந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தோள் கொஞ்சம் லேசாக இருந்தது, வெயில் தாழ்ந்ததால் என்று நினைத்துக்கொண்டாள். கைப்பை, பாஸ்போர்ட், நோட்டு எல்லாம் அவளிடம்தான் இருந்தன. மூன்று ஐம்பத்தைந்துக்குப் படகுத்துறையில் இருந்தாள், மிச்ச நாளையும் எழுதினபடி முடித்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாள்.

நேரத்துக்கு வந்ததும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. வந்த மூன்றாம் நாள், அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் அண்ணன் மருதப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாலு மணி நேரம் அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மதினி பேச்சியம்மா பால் காய்ச்ச அடுப்படிக்குப் போன நேரத்தில் அவன் கண்ணைத் திறந்தான். நேருக்கு நேராக அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்து, “செம்பகம் இன்னும் வரலையா?” என்று கேட்டான். அதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள், அதற்கு அவன் ஒரு வார்த்தை சொன்னான், அத்தோடு முடிந்தது. கடைசியாக என்ன சொன்னான் என்று எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். உடம்பு முடியாதவன் நினைவு தப்பிக் கேட்டதை ஊருக்கெல்லாம் சொல்வானேன் என்று அப்போது நினைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்த டீச்சரிடம் எதிர்வீட்டுச் சீதாலட்சுமி, “டீச்சர், தெரு முனையில நீங்க வாரீக” என்றாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம், வந்துகொண்டிருந்தாள். முடியைக் கட்டாமல், யாருடையதோ கம்பளிக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிமூட்டையோடு, வழியில் நிற்கிற மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு, இஸ்திரி வண்டிக்காரரிடம் ஏதோ கேட்டுச் சிரித்துவிட்டு, நூறு அடி தூரத்தைக் கால் மணி நேரமாக நடந்து வந்தாள். அழகுமுத்து வாசலுக்கு வந்து இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “வா. சாப்பிட்டியா?” என்றார்.

மூட்டையில் காய்ந்த ஆப்ரிகாட் பழம் இருந்தது. தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். கம்பளி ஏற்றின லாரியில் பாதி தூரம், ரயிலில் கொஞ்சம், கப்பலில் கொஞ்சம், கடைசியில் மாலத்தீவில் வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிய தூத்துக்குடித் தோணியில் ஏறி வந்தாளாம். பாஸ்போர்ட் இல்லாமல் எப்படி விட்டார்கள் என்று கேட்டதற்கு, “கேட்டாங்க. பாஸ்போர்ட்டு முன்னால போயிருச்சு, நான் அது பின்னாடிதான் போயிக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். சரி போங்கன்னுட்டாங்க” என்றாள். தெருவில் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் கூட்டம் கூடினது உண்மை, மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது, கூட்டம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பால்காரர் கேட்காமலே அரை லிட்டர் கூட ஊற்றினார். முந்தி வந்த டீச்சர், பிந்தி வந்த டீச்சர் என்று நீட்டிச் சொல்லி வாய் வலித்து, ஒரு வாரத்தில் முந்தி டீச்சர், பிந்தி டீச்சர் என்றாக்கிவிட்டார்கள். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் சான்று கொடுக்க வேண்டுமே, அதற்கு இருவருமாகப் போனார்கள். அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஒருத்தர் உயிரோட இருக்கணும்னுதான் ரூல் இருக்கு, ரெண்டு பேரு இருக்கக் கூடாதுன்னு ரூல் இல்லை” என்று கையெழுத்துப் போட்டார். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் ஆளுக்கொன்றாகப் போனார்கள், பத்திரிகை வைத்தவர்களுக்கு அதில் ரொம்பத் திருப்தி. கோயிலில் குருக்கள் அதே பேர், அதே நட்சத்திரம், ஒரே தட்டு போதும் என்று முடித்துக்கொண்டார்.

பார்த்தவர்களுக்கு ஆசை விடவில்லை. இரண்டு மருமகள்களோடு இரண்டு வீட்டில் மாறி மாறிக் கிடந்த சீதாலட்சுமி, நாமும் இரண்டாகிவிட்டால் தேவலை என்று, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘4 முதல் 4.30 வரை மனம் போன போக்கு’ என்று எழுதி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். சங்கரன்கோவில் பஸ்ஸைத் தவறவிட்டதுதான் மிச்சம். மளிகைக்கடை அண்ணாச்சி, ஒரு ஆளைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு இன்னொரு ஆளாகக் குற்றாலம் போய்க் குளிக்கலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயற்சி பண்ணினார். முப்பத்தோரு வருடம் டைம்டேபிள் போட்ட கைக்குத்தான் அது வரும் என்று ஊர் முடிவுக்கு வந்து, அதோடு விட்டுவிட்டது.

எல்லாரும் சுலபமாக எடுத்துக்கொண்டார்கள், முந்தி டீச்சரைத் தவிர. அவளுக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் அர்த்தமில்லை. அது பொறாமைதான், காலையில் கண் விழிக்கும்போதே கூட விழித்துக்கொள்கிற பொறாமை. பிந்தியவளுடைய வெடித்த குதிகாலைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், என் குதிகால்தானே அது, எனக்கு ஏன் வெடிக்கவில்லை என்று. எவளோ ஒருத்தி தோளில் போட்டுவிட்ட கம்பளிக் கோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். கம்பளம் கழுவினவள் பேர் நெர்மின் என்றும், அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்றும், அன்றைக்கு அவள் வீட்டில் கத்தரிக்காயைச் சுட்டு உரித்துத் தயிரில் போட்டுக் கொடுத்தாள் என்றும் பிந்தி டீச்சர் சொல்லும்போது, அந்த முனையை முதலில் பிடித்ததே நான்தான் என்று கத்தவேண்டும்போல இருந்தது. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தப்புக் கண்டுபிடித்தாள். அந்த நேரத்துக்கு அங்கே படகு கிடையாது என்றாள். “கிடையாதுதான், அதனாலதான் மீன் பிடிக்கிறவரு வள்ளத்துல போனேன்” என்று பதில் வந்தது.

இதையெல்லாம்கூடச் சகித்திருப்பாள். அழகுமுத்து சிரித்ததைத்தான் சகிக்க முடியவில்லை. சாயங்காலம் முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் கேட்பார், பிந்தி டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டே சொல்வாள், சொன்னதையே வேறு மாதிரிச் சொல்வாள், லாரிக்காரன் வழியெல்லாம் அழுததையும் இவள் அவனுக்குத் தமிழிலேயே புத்தி சொன்னதையும் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டதையும் சொல்லும்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் பல் வரிசை முழுதாகத் தெரிந்தது அப்போதுதான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவள் டைம்டேபிள்படி தாளித்த சாம்பாரை இறக்கி வைப்பாள், அதை அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவார். பிந்தியவள் பாலைப் பொங்கவிட்டால் மட்டும், “போகட்டும் விடு” என்பார்.

ஆனால் பிந்தியவளுக்கும் தூங்கவிடாத ஒரு குறை இருந்தது. வந்த அன்றைக்கே மருதப்பன் வீட்டுக்கு ஓடினாள். படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சியம்மா அவள் முதுகைத் தடவி, “எதுக்கு அழுத? நீதான் பக்கத்துல இருந்தியே செம்பகம், நீதானே வாயில பால் ஊத்துன” என்றாள். “நான் ஊத்தலையே மதினி” என்றாள் இவள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. செண்பகவல்லி அழுது முடித்து, தலைமுழுகி, பதினாறாம் நாளும் முடித்தாயிற்று என்று ஊருக்குக் கணக்கு நேராகிவிட்டது, இன்னொரு தடவை இன்னொரு செண்பகவல்லி துக்கம் கொண்டாட அந்த வீட்டில் இடமில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது முந்தியவளிடம் கேட்டாள். “அண்ணன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“உன் கண்ணைப் பார்த்தா அப்படித் தெரியலையே. அது என் கண்ணு, எனக்குத் தெரியாதா.”

முந்தி டீச்சர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். மருதப்பன் நினைவு தப்பிக் கேட்கவில்லை என்பது பிந்தியவள் தெரு முனையில் வந்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரிவதற்கு முன்னால், சாகப்போகிற நேரத்தில் அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, வந்தது பாதி, வராதது பாதி என்று. நாலு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் வராதவளைத்தான் தேடினான். இதை வாய் திறந்து சொன்னால் நான் யார் என்று ஆகும்? நேரத்துக்கு வந்தவள் என்கிற ஒரு பெருமைதான் அவள் கையில் இருந்தது, அதையும் பிந்தியவளிடமே தூக்கிக் கொடுப்பதா? பிந்தியவள் மறுபடியும் ஒரு தடவை கேட்டாள், அப்போதும் சொல்லவில்லை. உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, அது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

தை பிறந்த சமயம், அழகுமுத்து முற்றத்திலிருந்து எழுந்து வந்து, மோர் குடித்துவிட்டு, சாதாரணமாக ஒன்று சொன்னார். “இலங்கை வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கேன். செம்பகம் வாரேங்கா.”

முந்தி டீச்சர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. “எந்தச் செம்பகம்?”

அவர் தலையால் முற்றத்துப் பக்கம் காட்டினார்.

எட்டு வருடமாக எதற்குக் காத்திருந்தாளோ அது நடக்கிறது, செண்பகவல்லியோடு அழகுமுத்து வெளிநாடு போகிறார், டிக்கெட்டிலும் அந்தப் பேர்தான் இருக்கும், இவள் மட்டும் அதில் இல்லை. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அது ஒன்றுதான் இருந்தது. இரண்டு நாள் அதை ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சமைத்தாள், பெருக்கினாள், படுத்தாள். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பிந்தியவள் தானாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“பாஸ்போர்ட்டைத் தர மாட்டியா?”

“என் படம்தான் அதுல இருக்கு.”

“எனக்கும் அந்த மூஞ்சிதான். சரி, வச்சுக்கோ. அண்ணன் என்ன சொன்னான்னு மட்டும் சொல்லு.”

முந்தி டீச்சருக்கு அந்த நேரத்தில் வந்த யோசனை நல்ல யோசனை இல்லை, அது அவளுக்கும் தெரியும். “நீ போகக் கூடாது. அவுக என்கூடத்தான் வரணும். அதுக்கு ஒத்துக்கிட்டா...”

“ஒத்துக்கிட்டேன்” என்றாள் பிந்தியவள், வாக்கியம் முடிவதற்குள்.

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் முந்தியவளுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. கிளம்புகிற அன்றைக்குச் சொல்கிறேன் என்று தவணை சொன்னாள். அழகுமுத்துவிடம் பிந்தியவளே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் “சரி, அவ வரட்டும். நோட்டு வரக் கூடாது” என்றார். முந்தி டீச்சர் அதற்கும் தலையாட்டினாள். முப்பத்தாறு வருடத்தில் அவர் போட்ட முதல் நிபந்தனை, அதற்கு அவள் தலையாட்டினது அதைவிட அதிசயம் என்று சீதாலட்சுமி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. மதுரை விமானநிலையத்துக்குப் போகப் பத்து மணிக்கு டாக்ஸி. ஒன்பதரைக்கு டாக்ஸி வந்து, அழகுமுத்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நோட்டு பீரோவில் இருந்தது. முந்தி டீச்சர் காப்பிப்பொடிக் கலர் பட்டுச்சேலையும் தோளில் கைப்பையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பிந்தியவள் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

சொல்வதற்கு ஒரு பொய்யை இரண்டு வாரமாகத் தயார் பண்ணியிருந்தாள். ‘செம்பகத்தை நல்லாப் பார்த்துக்கிடுங்க’ன்னு சொன்னான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை, இரண்டு பேருக்கும் பொருந்தும். வாயைத் திறந்தாள். பிந்தியவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மார்க் கேட்க நிற்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வரவில்லை.

“‘செம்பகம் இன்னும் வரலையா’ன்னு கேட்டான்.”

 “உன்னைப் பார்த்தா கேட்டான்?” என்றாள் பிந்தியவள்.

“என்னைப் பார்த்துத்தான். கையை நான் பிடிச்சிருக்கேன், மூஞ்சிக்கு நேரா பார்த்துக்கிட்டு உன்னைக் கேட்டான். போதுமா? இதை வச்சிக்கிட்டுத்தான் நாலு மாசமா உன்கிட்ட வீம்பு பண்ணினேன். வீட்டுல உன் பேச்சுக்குத்தான் சிரிப்பு, தெருவுல உனக்குத்தான் கூட்டம், சாகிறவனும் உன்னைத்தான் தேடினான். நான் நேரத்துக்கு வந்தேன், எல்லாத்துக்கும் நேரத்துக்கு வந்தேன், ஒருத்தருக்கும் நான் வந்தது தெரியல.”

“நீ என்ன சொன்ன அவன்கிட்ட?”

முந்தி டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். “வந்துக்கிட்டே இருக்கா அண்ணே, வழியில நிக்கான்னு சொன்னேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. நீ ஒருத்தி இருக்கன்னே அப்ப எனக்குத் தெரியாது. வாயில வந்துச்சு, சொன்னேன்.”

“அதுக்கு அவன்?”

“‘மெதுவா வரட்டும்’னான். கண்ணை மூடிட்டான்.”

பிந்தியவள் பூண்டுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு மாதம் பிந்தி, அந்த வீட்டில் யாரும் அழவிடாத அழுகை, சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. முந்தியவள் நின்ற இடத்தில் நின்றாள். அவளுக்கும் கண் நிறைந்தது, ஆனால் அது அண்ணனுக்காக இல்லை என்று தெரிந்தே நிறைந்தது. “அந்த வார்த்தை உனக்குச் சொன்னது. அதான் தர மனசு வரல. என் ஆயுசுல ஒருத்தரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல. சீக்கிரம் வா, நேரமாச்சு, மணி என்னன்னுதான் கேட்டிருக்காங்க” என்றாள்.

வெளியே ஹாரன் அடித்தது. பிந்தியவள் எழுந்து, கையைக் கழுவி, முகத்தைத் துடைத்தாள். முந்தியவள் தோளில் இருந்த கைப்பையை வாங்கி, சிப் திறந்து கிடந்ததைப் பார்த்து இழுத்து மூடினாள். கூடவே வாசல் வரைக்கும் வந்தாள். நடையில் இறங்கும்போது குனிந்து, இவள் சேலைக் கொசுவத்தை இரண்டு கையாலும் நீவிச் சரிபண்ணினாள், நிமிர்ந்தாள், பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

“போயிட்டு மெதுவா வா” என்றாள்.

செண்பகவல்லி டீச்சர் நடையிலேயே நின்று அழுதாள். டாக்ஸிக்காரர் மறுபடியும் ஹாரனில் கை வைத்தார். பின்சீட்டிலிருந்து அழகுமுத்து கையை நீட்டி, டிரைவர் தோளைத் தொட்டு, சும்மா இருக்கச் சொன்னார்.